ஒன்பதாம் மேஜையின் நைட்ரிக் பாட்டில்

திருவனந்தபுரத்துக் கல்லூரி ஒன்றின் ரசாயனக் கூடத்தில் கோலப்பன் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தார். பூதப்பாண்டிப் பக்கத்தில் பிறந்து, ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, 1934-ல் பியூனாக வந்தவர். இரண்டே வருஷத்தில் லேப் அட்டெண்டர் ஆனார். நாஞ்சில் நாடு சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த 1956-ல் வேலையை விட்டு ஊருக்குப் போனார். இடையில் 1951 மார்ச் மாதத்தில் நடந்த ஒரு காரியம் உண்டு. அதை அவர் மனைவி உலகம்மையிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

அவருடைய வேலை பாட்டில் நிரப்புவது. சொல்லும்போது சின்ன வேலைதான். பன்னிரண்டு மேஜைகள், மேஜைக்குப் பதினாறு பாட்டில்கள், காலையில் மாணவர்கள் வருவதற்குள் ஒவ்வொன்றும் கழுத்துவரை நிரம்பியிருக்க வேண்டும், மூடி அதனதன் வாயில் இருக்க வேண்டும், மேஜையில் ஒரு சொட்டு சிந்தியிருக்கக் கூடாது. இந்த ஊர்க் காற்றில் கடலும் மழையும் கலந்திருப்பதால் பாட்டிலில் பேர் எழுதி ஒட்டின காகிதம் ஆறு மாதம் தாங்காது. பசை இளகும், பூச்சி தின்னும், பூச்சி விட்டதை அமிலப் புகை வெளுக்கும். ஆகவே பேர் அழிந்த பாட்டில் எப்போதும் நாலைந்து அலமாரியில் நிற்கும். வேறு கூடங்களில் அப்படிப்பட்டதைத் தொட்டியில் கொட்டிவிடுவார்கள். இங்கே கொட்டுவதில்லை.

கொட்டாததற்கு யுத்தம் காரணம். யுத்தகாலத்தில் நைட்ரிக் அமிலமெல்லாம் வெடிமருந்துக்குப் போய்விட்டது. கல்லூரி கேட்டு எழுதினால் ஆறு மாதம் கழித்து ஒரு ஜாடி வரும், அதிலும் பாதி உடைந்திருக்கும். அப்போது அட்டெண்டர்கள் தங்களுக்குள் ஒரு வழி கண்டு வைத்தார்கள். கூடத்தில் புழங்குகிற பெரிய அமிலங்கள் மூன்று: கந்தகத் திராவகம், உப்புத் திராவகம், நைட்ரிக். பேர் அழிந்த பாட்டிலில் இருப்பது இந்த மூன்றில் எது என்று கண்டுபிடித்தால் போதும். வினிகர் வாசனையுள்ளதை மூக்கே சொல்லிவிடும். மற்றதற்கு இரண்டு சொட்டுப் பரீட்சை. சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டுப் பார்: தயிர் போல வெள்ளை விழுந்தால் உப்புத் திராவகம். பேரியம் குளோரைடு ஒரு சொட்டு: மாவு போல வெள்ளை விழுந்தால் கந்தகத் திராவகம். இரண்டிலும் ஒன்றும் விழவில்லையென்றால் நைட்ரிக்.

மூன்றாவதாகச் செம்புத் துருவல் போட்டுச் சூடாக்கிப் பார்ப்பதும் முதலில் இருந்தது. நைட்ரிக்காக இருந்தால் பழுப்புப் புகை கிளம்பும். அதைக் கோலப்பன் பல வருஷம் முன்பே விட்டுவிட்டார். செம்பு செலவாகிறது, புகை நெஞ்சைப் பிடிக்கிறது, மூன்றில் இரண்டு இல்லையென்று ஆனபின் மூன்றாவதிடம் போய் எதற்குக் கேட்பது? விட்டதால் ஒரு நாளும் தவறு வந்ததில்லை.

கைப்பழக்கம் மட்டும் உள்ளவர் என்று அவரை நினைத்துவிடக் கூடாது. மாணவர்கள் விட்டுப்போன நோட்டுகள், அட்டை கிழிந்த பாடப்புத்தகங்கள், கரும்பலகையில் அழிக்காமல் விட்டது என்று சேர்த்துச் சேர்த்துத் தனக்கென ஒரு நோட்டு எழுதி வைத்திருந்தார். தமிழில்தான். அதில் அமிலங்களுக்கு எட்டுப் பக்கம். கந்தகம் ஒன்று, அதற்குப் பிராணவாயு மூன்று கிடைத்தால் தீக்குச்சி கிழித்த நாற்றம் வரும், பலம் போதாது. அதே கந்தகத்துக்குப் பிராணவாயு நான்கு கிடைத்தால் துணியைப் பொசுக்கும், சர்க்கரையைக் கரியாக்கும். நைட்ரஜனுக்கு இரண்டு என்றால் நிலைக்காமல் தானே கலைந்துபோகும். மூன்று என்றால் வெள்ளியையே கரைக்கும். நடுவில் உட்கார்ந்திருக்கிறது அதுவேதான். கூட இருக்கிற பிராணவாயுவின் கணக்கு மாறினால் குணம் மாறுகிறது. பிராணவாயுவே இல்லாத உப்புத் திராவகம் மட்டும் எப்படி இத்தனை உக்கிரமாக இருக்கிறது என்பது ஒரு வருஷம் அவரைத் தூங்கவிடவில்லை. கடைசியில் ஹைட்ரஜனை யார் எளிதில் விட்டுக்கொடுக்கிறார் என்பதுதான் விஷயம் என்று தானே படித்துப் புரிந்துகொண்டார். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் தேதி போட்டிருந்தார்.

நான்காவது அமிலம் 1950 டிசம்பரில் வந்தது. கூடத்தின் இரும்பு ஸ்டாண்டுகள் துருப்பிடித்துக் கையைக் கறையாக்கிக்கொண்டிருந்தன. புதிதாக வந்திருந்த டெமான்ஸ்ட்ரேட்டர் சேஷன், கோட்டைக்குள் அக்கிரகாரத்துப் பையன், எங்கேயோ படித்துவிட்டுப் பாஸ்பாரிக் அமிலம் ஒரு பாட்டில் வரவழைத்தார். பெட்டியை உடைத்து வைக்கோலை நீக்கியது கோலப்பன்தான். பதிவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டதும் அவர்தான்.

“புகையலியே சார்?” என்றார் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு.

“புகையாது. துணியிலே பட்டாலும் உடனே ஓட்டை விழாது. இதுவும் நாலு ஆக்ஸிஜன் உள்ளதுதான், ஆனா சாது. நம்மாத்துப் பெரிய மாமா மாதிரி. மூணு ஹைட்ரஜன் வச்சிண்டு ஒண்ணொண்ணா, மனசில்லாமத் தரும்.”

“அப்ப கைவிட்டு ஒண்ணும் தராத பிசுக்குப் பெரிய மாமாவாக்கும்.”

சேஷன் சிரித்தார். இருவரும் சேர்ந்து அதை நீர் கலந்து ஆறு ஸ்டாண்டுகளைத் தேய்த்தார்கள். துரு போய் இரும்பு மங்கின சாம்பல் நிறத்தில் வந்தது. கோலப்பன் அன்று மாலையே நோட்டில் எழுதினார்: ‘பாஸ்பரஸ் ஒன்று, பிராணவாயு நான்கு, ஹைட்ரஜன் மூன்று. சாது.’ ஆக, அவருக்குத் தெரியாத சங்கதி அல்ல. கூடத்தில் அமிலம் நான்கு என்று அவருடைய நோட்டுக்குத் தெரியும். கைக்கு மட்டும் இன்னும் மூன்றுதான்.

மார்ச் மாதம் இண்டர்மீடியட் செய்முறைப் பரீட்சை. வெளியிலிருந்து பரீட்சை அதிகாரி வருவார். பாளையங்கோட்டைக்காரர், நாகேஸ்வரன் என்று பேர், கறாரானவர் என்று கேள்வி. ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கோலப்பன் ஒற்றை ஆளாகப் பாட்டில் நிரப்பினார். நீர்த்த நைட்ரிக் ஜாடி எட்டு மேஜைக்குச் சரியாக வந்தது. ஒன்பதாம் மேஜைக்கு முக்கால் பாட்டிலோடு தீர்ந்துபோயிற்று. பத்து முதல் பன்னிரண்டு வரை அந்த வருஷம் ஆள் இல்லை. புது ஜாடியை உடைக்கலாம். கால் பாட்டிலுக்காக ஒரு ஜாடியின் மெழுகை உடைக்க அவருக்கு மனம் வரவில்லை. ஜன்னலோரம் பச்சைநிறச் சின்ன பாட்டில் ஒன்று பேரில்லாமல் நின்றது. உள்ளே இரண்டு மூன்று அவுன்ஸ், தண்ணீர் போல.

முகர்ந்தார், வாசனையில்லை. சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு, ஒன்றும் விழவில்லை. பேரியம் குளோரைடு ஒரு சொட்டு, ஒன்றும் விழவில்லை. ஒன்பதாம் மேஜைப் பாட்டிலில் அதை ஊற்றினார். கழுத்துவரை வந்தது. சின்ன பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தார்.

திங்கட்கிழமை காலை ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம், செவ்வாய் காலை மூன்றாவது கூட்டம் என்று பரீட்சை ஏற்பாடு. ஒவ்வொருவருக்கும் இரண்டு உப்புகள் கலந்த பொடி ஒரு பொட்டலம். அதில் இருக்கிற இரண்டு உலோகமும், சல்பேட், நைட்ரேட் போல இரண்டு அமிலமும் எவை என்று மூன்று மணி நேரத்தில் கண்டுபிடித்து எழுத வேண்டும். திங்கட்கிழமை இரு வேளையும் ஒரு குறையுமில்லாமல் நடந்தது. யாரும் பாட்டிலைப் பற்றி வாய் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒன்பதாம் மேஜையில் சூடாமணி என்ற பெண் நின்றாள். மெலிந்த பெண், பாவாடை தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, டெஸ்ட் டியூபைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கிற பழக்கம். பதினொரு மணி சுமாருக்கு அவள் மேஜையை விட்டு, தொட்டியருகில் நின்ற கோலப்பனிடம் வந்தாள். பரீட்சை அதிகாரி அப்போது பக்கத்துத் தராசு அறையில் இருந்தார்.

“இந்த நைட்ரிக் பாட்டிலை மாத்தித் தர முடியுமா?” என்றாள் மெதுவாக.

“என்னத்துக்கு?”

“சல்பேட் வந்துடுத்து. நைட்ரேட்டும் வந்துடுத்து. அப்புறம் நைட்ரிக் விட்டு மாலிப்டேட் விட்டா மஞ்சளும் விழறது. மூணு வரது. ரெண்டுதானே இருக்கணும்?”

கேட்டவிதம் பணிவாகத்தான் இருந்தது. ஆனால் பதினைந்து வருஷத்தில் அவர் நிரப்பின பாட்டிலை மாற்றித் தரும்படி ஒரு மாணவனும் கேட்டதில்லை, இவள் கேட்டாள். அடுத்த மேஜையில் இரண்டு பையன்கள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

“மஞ்ச விழுந்தா பாஸ்பேட்டு. புஸ்தகத்துல அப்படித்தான போட்டிருக்கு? பொய் சொல்லப் பாட்டிலுக்கு வாயா இருக்கு?”

“இல்லே, மூணு வரதேன்னு...”

“எண்ணத் தெரிஞ்சாப் போருமா மோளே, செய்யத் தெரியண்டாமா?” என்றார் கோலப்பன், பையன்களுக்குக் கேட்கும்படி.

பையன்கள் சிரித்தார்கள். கோலப்பனும் சிரித்தார். அந்தப் பெண்ணின் காது வரை சிவந்தது. திரும்பிப் போய் அதே பாட்டிலை எடுத்தாள். அதற்குப் பிறகு அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பாஸ்பேட் இருந்தால் உலோகங்களைத் தேடுவதற்கு முன்னால் அதை நீக்க வேண்டும். அது ஒரு மணி நேர வேலை. மணியடித்தபோது அவள் இன்னும் வடிகட்டிக்கொண்டிருந்தாள். தாளை வாங்கிப் போகும்போது கோலப்பன் தற்செயலாகப் பார்த்தார்: நைட்ரேட் என்று எழுதி அடித்திருந்தது. சல்பேட், பாஸ்பேட் என்று இரண்டு. உலோகம் ஒன்றுதான், மற்றொன்றின் இடம் காலி.

மதியம் கூடத்தைக் கழுவிக்கொண்டிருக்கும்போது சேஷன் வந்தார்.

“கோலப்பா, ஜன்னலண்டை பச்சை பாட்டில் ஒண்ணு வச்சிருந்தேனே, கண்டேரா?”

“எந்தப் பாட்டில் சார்?”

“ஸ்டாண்டு தேய்ச்ச மிச்சம். நம்ம சாது. காகிதத்திலே எழுதி அடியிலே வச்சிருந்தேன், காத்திலே போயிடுத்தோ என்னமோ. ரெண்டு ஸ்டாண்டு பாக்கி இருக்கு.”

கையிலிருந்த துணி கையிலேயே நின்றது. அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். பரீட்சை அதிகாரி இருபதடி தள்ளி உட்கார்ந்து தாள் திருத்திக்கொண்டிருந்தார். பாட்டில் ஒன்பதாம் மேஜையில் அப்படியே இருந்தது.

“கண்டதில்ல சார்” என்றார் கோலப்பன்.

எல்லோரும் போன பிறகு சுத்தமான டெஸ்ட் டியூப் ஒன்றை எடுத்தார். பொட்டலம் எதையும் தொடவில்லை. ஒன்பதாம் மேஜை நைட்ரிக்கில் கொஞ்சம், மாலிப்டேட்டில் கொஞ்சம், ஸ்பிரிட் விளக்கில் இளஞ்சூடு. உப்பே போடாத டியூபில் பூவரசம் பூவின் நிறத்தில் மஞ்சள் திரண்டு அடியில் இறங்கியது. பாஸ்பாரிக் அமிலத்துக்கு இந்தப் பரீட்சை ஒன்றுதான் நாக்கு. சில்வர் நைட்ரேட்டிடமும் பேரியத்திடமும் அது வாயே திறக்காது. அமிலமாக இருக்கும்வரை இரண்டிலும் வெள்ளை விழாது. கோலப்பன் அதை அப்போது நினைத்துப் பார்த்துப் புரிந்துகொண்டார். செம்புத் துருவலைப் போட்டிருந்தால் பழுப்புப் புகை வந்திராது. ஒரு சிட்டிகைச் செம்பு.

பிறகு அவர் செய்ததுதான் அவரால் பின்னாளில் நினைக்கவே முடியாமல் போனது. பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்தார். குழாயைத் திறந்து வெகுநேரம் ஓடவிட்டார். பாட்டிலை மூன்று முறை கழுவினார். புது ஜாடியின் மெழுகை உடைத்து நீர் கலந்து கழுத்துவரை நிரப்பி ஒன்பதாம் மேஜையில் வைத்தார். மூடியைத் துடைத்தார். மற்ற எட்டுப் பாட்டில்களோடு அதுவும் வரிசையாக நின்றது.

வீட்டில் உலகம்மை பருப்புக்குழம்பு வைத்திருந்தாள். நாலு பிடி சாப்பிட்டுக் கையை உதறிவிட்டு எழுந்தார்.

“என்னவாக்கும்? வயிறு செரியில்லியா?”

“ம்.”

“ஆசிட்டு நாத்தத்துல நிண்ணா வயிறு என்னத்துக்காகும். சுக்கு தட்டிப் போடட்டா?”

சுக்குக் கஷாயத்தைக் குடித்தார். அவளிடம் பேசினால் சொல்லிவிடுவோம் என்று பயந்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தப் பெண் செய்ததில் தவறே இல்லை என்பது அவருக்குத் துலக்கமாகத் தெரிந்தது. அவள் எண்ணிப் பார்த்தாள். அவர்தான் எண்ணவில்லை.

புதன்கிழமை மதியம் தாள் திருத்தி முடிந்தது. பட்டியலை அரக்கு முத்திரை வைத்து மூடிவிட்டு, நாகேஸ்வரன் கூடத்துப் புத்தகத்தில் வழக்கம்போல இங்கிலீஷில் ஒரு குறிப்பு எழுதினார். அதைத் துறைத்தலைவர் எல்லோர் முன்னிலும் வாசித்து, கோலப்பனுக்காக மலையாளத்தில் சொன்னார்: பரீட்சைக்கு வைத்திருந்த அமிலங்களும் மற்றவையும் குறையில்லாமல் இருந்தன, இவ்வளவு ஒழுங்கான மேஜைகளை இந்த வட்டாரத்தில் கண்டதில்லை. ஜூன் மாதம் ஸ்டோர் கீப்பர் வேலை காலியாகிறது, கோலப்பன் பேரை எழுதும்போது இதையும் சேர்த்து எழுதுவேன் என்றும் சொன்னார். சேஷன் முதுகில் தட்டிக் கொடுத்தார். கோலப்பன் வேட்டியின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாகேஸ்வரன் அவரைப் பார்த்துத் தலையசைத்தபோது, பதிலுக்குத் தலையசைக்கவும் முடியவில்லை.

அதிகாரி அன்று சாயங்கால வண்டிக்குப் போகிறார். பட்டியல் அவரோடு போகிறது. வண்டி தம்பானூர் ஸ்டேஷனை விட்டால் பிறகு அந்த எண்கள் அச்சில்தான் வரும்.

ஐந்து மணிக்கு அவர் நடக்கத் தொடங்கினார். ஸ்டாச்சு ஜங்ஷன் தாண்டி இறக்கத்தில் இறங்கும்போது இரண்டு தடவை நின்றார். ஒரு தடவை திரும்பியும் நடந்தார், பத்தடி. செங்கோட்டை வழியாகப் போகிற வண்டி பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தது. நாகேஸ்வரன் ஒரு பெஞ்சில் படுக்கைச் சுருளையும் கூஜாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“கோலப்பனா? என்னய்யா, எதையாவது விட்டுட்டு வந்துட்டேனா?”

“இல்ல சார். ஒரு காரியம் சொல்லணும். ஒம்பதாம் மேசையில நேத்து நிண்ண பொண்ணு...”

நாகேஸ்வரனின் முகம் மாறியது. “பொண்ணுக்கு என்ன?”

“அது எழுதினது தப்பில்ல சார். பாட்டில்தான் தப்பு. நைட்ரிக்குல பாஸ்பாரிக் கலந்துபோச்சு. நானாக்கும் கலந்தது.”

“யார் சொல்லி வந்தீர்?”

“யாரும் சொல்லல்ல சார்.”

“ஓய், எனக்கு இருபது வருஷ சர்வீஸ். ஸ்டேஷனுக்கு வந்து ஒரு பொண்ணுக்காகப் பேசறவனை நான் பாத்ததில்லேன்னு நினைக்கறீரா? அப்பா வந்திருக்கார், மாமா வந்திருக்கார். இப்ப அட்டெண்டர். அவாத்துல என்ன சொல்லி அனுப்பினா?”

தன்னைத் திருடனென்று சொன்னாலும் கோலப்பன் பொறுத்திருப்பார். தான் வாயைத் திறந்ததால் அந்தப் பெண்ணின் பேரும் சேர்ந்து அழுக்காகிறது என்பது அப்போதுதான் புரிந்தது.

“அவங்க வீடு எங்கேன்னே எனக்குத் தெரியாது சார்.”

“சரி, பாட்டில் இருக்கா? கொண்டு வந்தீரா?”

“கொட்டிட்டேன்.”

“எப்போ?”

“நேத்து சாயங்காலம்.”

“கலந்தது தெரிஞ்சப்புறமா, தெரியறதுக்கு முன்னாலயா?”

கூலிக்காரன் ஒருவன் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இருவருக்கும் நடுவில் போனான். அவன் போகும்வரை கோலப்பன் காத்திருந்தார்.

“தெரிஞ்சப்புறம் சார்.”

நாகேஸ்வரன் அவரை மேலும் கீழும் பார்த்தார். சாட்சியைத் தொட்டியில் ஊற்றிவிட்டு வந்து, நம்பு என்று ஒருவன் நிற்கிறான். வண்டிக்கு முதல் மணி அடித்தது. அவர் கூஜாவைக் கையில் எடுத்தார்.

கோலப்பனுக்கு வேறொன்று தோன்றியது. மேஜை ஒன்றுதான், ஆனால் அதில் நின்றவர்கள் மூன்று பேர்.

“சார், ஒம்பதாம் மேசையில திங்கக்கெழமையும் ரெண்டு பேரு நிண்ணாங்க. அதே பாட்டிலாக்கும். அவங்க என்ன எழுதியிருக்காங்கன்னு பாக்க முடியுமா?”

முத்திரை வைத்ததை உடைக்க முடியாது. ஆனால் பரீட்சை அதிகாரிகள் தங்களுக்கென்று ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பார்கள்: யாருக்கு எந்த மேஜை, எந்தப் பொட்டலம், அவர் என்ன எழுதினார். நாகேஸ்வரன் கோட்டுப் பையிலிருந்து அதை எடுத்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டினார். விரலை வைத்துக்கொண்டே போனார். ஒரு வரியில் விரல் நின்றது, பக்கத்தைத் திருப்பினார், மறுபடி நின்றது, மூன்றாம் முறையும்.

“மூணு பேரும் பாஸ்பேட்டு எழுதியிருக்கா” என்றார் வெகு மெதுவாக. “நான் கொடுத்தது மத்தியானம் நின்ன ஒருத்தனுக்குத்தான்.”

ஒரு பெண்ணுக்குச் செய்த தீங்கு என்று இரண்டு நாளாக நினைத்திருந்தார் கோலப்பன். திங்கட்கிழமை காலையில் நின்ற பையனின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். வரவில்லை. அவன் ஒன்றும் கேட்காமல், மஞ்சளைப் பார்த்ததை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவன்.

“ஏன்யா கொட்டினீர்?” என்றார் நாகேஸ்வரன். இப்போது குரலில் கோபம் இல்லை. அது கோலப்பனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. “கலந்தது பிசகு. அது எனக்கும் நடக்கும். இன்னிக்கு அந்தப் புஸ்தகத்துல நான் எழுதறப்போ பக்கத்துல நின்னீரே.”

“ஆமா சார்.”

“உக்காந்து எழுதும். நடந்ததை நடந்தபடி. கொட்டினதையும் எழுதணும்.”

படுக்கைச் சுருளின் மேல் காகிதத்தை வைத்துக் கோலப்பன் தமிழில் எழுதினார். எழுத்து நன்றாகத்தான் வந்தது; நோட்டு எழுதிப் பழகின கை. நாகேஸ்வரன் அதை வாங்கிப் படித்துவிட்டு, கூலிக்காரனைக் கூப்பிட்டுப் பெட்டியை வண்டியிலிருந்து இறக்கச் சொன்னார். வண்டி அவரில்லாமல் போயிற்று. சர்வகலாசாலை அலுவலகத்துக்கு மறுநாள் காலை அவரே போனார்.

பத்து நாள் கழித்து சூடாமணிக்கும் அந்தப் பையனுக்கும் மட்டும் மறுபடி பரீட்சை வைத்தார்கள். கோலப்பனுக்கு ஒரு வருஷச் சம்பள உயர்வு நின்றது. ஸ்டோர் கீப்பர் வேலைக்கு வேறொருவர் வந்தார். கூடத்துப் புத்தகத்தில் நாகேஸ்வரன் தம் குறிப்பை ஒரே கோடாக அடித்துப் பக்கத்தில் கையெழுத்திட்டிருந்தார். எழுதியிருந்தது என்னவென்று அந்தக் கோட்டுக்கு அடியில் நன்றாகப் படிக்க முடிந்தது.

மறுபரீட்சை அன்று பாட்டில்களை நிரப்பியது சேஷன். கோலப்பன் கேட்டதை எடுத்துக் கொடுக்க மட்டும் நிற்க வேண்டும் என்று உத்தரவு. அந்தப் பெண் ஒன்பதரைக்கே வந்து வராந்தாவில் நின்றாள். கோலப்பன் போனார். என்ன சொல்வதென்று நாலு நாளாக யோசித்து வைத்திருந்தது எல்லாம் அங்கே மறந்துபோயிற்று.

“அம்மா, அண்ணைக்கு பாட்டில்ல தப்பு இருந்து. எனக்க தப்பாக்கும்.”

“தெரியும். யூனிவர்சிடி லெட்டர்ல போட்டிருந்தா.”

“மனசறிஞ்சு செய்யல்ல.”

அவள் வாசற்படியைப் பார்த்தபடி நின்றாள். பிறகு பேசினாள், சத்தம் கூட்டாமல்.

“பாட்டில் மாறிப்போறது யாருக்கும் வரும். நான் வந்து கேட்டேனே, அப்போ சிரிச்சேளே. அதுவும் மனசறியாமையா?”

கோலப்பன் ஒரு படி கீழே இறங்கி நின்றார்.

“நைட்ரேட்டை நான் சரியாத்தான் எழுதியிருந்தேன். அதுக்கப்புறந்தான் அடிச்சேன். எனக்கு எண்ணக்கூடத் தெரியலே போலிருக்குன்னு தோணிடுத்து.”

மணியடித்தது. அவள் உள்ளே போனாள். அவளுக்கு மூன்றாம் மேஜை, பையனுக்கு நான்காம் மேஜை.

அவள் வேகமாகச் செய்தாள். கோலப்பன் அலமாரியருகில் கைகட்டி நின்றார். எந்தத் தப்புமில்லாமல் போய்க்கொண்டிருந்தது என்று டியூபைப் பிடிக்கிற விதத்திலேயே அவருக்குத் தெரிந்தது. இரண்டாவது மணி நேரத்தில் அவள் மேஜையிலிருந்த கந்தகத் திராவகம் தீர்ந்துபோயிற்று. பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தாள். கடைசிச் சொட்டும் வந்துவிட்டது.

கோலப்பன் அலமாரியைத் திறந்து, சேஷன் நிரப்பி வைத்திருந்த பாட்டிலை எடுத்துத் தயாராக நின்றார். கூப்பிட்டால் நாலடி. அவள் தலையை நிமிர்த்தினாள். பாட்டிலோடு நிற்கிறவரை அவள் கண்டாள் என்பதில் சந்தேகமில்லை. டியூபை ஸ்டாண்டில் வைத்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போய், “உங்க சல்ப்யூரிக்கை எடுத்துக்கட்டுமா?” என்று அந்தப் பையனிடம் கேட்டாள்.

சேஷன் இதைப் பார்த்தார். “இங்கே நிறைஞ்ச பாட்டில் இருக்கு. கோலப்பன் கொண்டுவந்து வைப்பாரே” என்றார்.

“வேண்டாம் சார், போறும்” என்றாள் சூடாமணி.

அந்தப் பெண் வேலையைத் தொடர்ந்தாள். பாட்டிலை எங்கே வைப்பதென்று தெரியாமல், மீதி ஒரு மணி நேரமும் கோலப்பன் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.